இணைக்கலாம்

“எடுத்துரலாம் மேடம், ஒண்ணும் தொலைஞ்சு போகலைங்க” என்று போனில் அந்தப் பெண் சொன்னதும் மாரிச்செல்விக்கு மூச்சு வந்தது. அதுவரைக்கும் மூச்சு விடாமலா இருந்தாள், விட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள், ஆனால் அது கழுத்துக்கு மேலேயே போய் வந்துகொண்டிருந்த மூச்சு. இது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த எதையோ நகர்த்திவிட்டு, மூக்கு வழியாகச் சத்தத்தோடு வெளியே வந்தது. போகலை. ஒண்ணும் போகலை. அந்தப் பிள்ளை யாழிசை போகலை. மேடம் என்று யாரைச் சொல்கிறாள் என்று பின்னால்கூடத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஊசிமருந்து வைக்கிற குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் எடுத்துருங்க என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், “ஒரு நிமிஷம் இருங்க, எங்க உதவிப் பக்கத்துல ஒரு வரி இருக்குது பாருங்க, ‘மீட்டெடுத்தால் பதிவு இணைப்புக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும்’னு. அதுல பதிவுங்கிறது அந்த ஒரு கொழந்தையோட பதிவா, இல்ல உங்க ஆஸ்பத்திரி மொத்தப் பதிவுமான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. எழுதினவரையே கேட்டுட்டு வந்தர்றேன். லைன்லயே இருங்க, வெச்சுராதீங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள். தாரணி என்று பேர் சொல்லியிருந்தாள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி, கோயம்புத்தூரிலிருந்து பேசுகிறாள். அவள் போன இடத்தில் புல்லாங்குழல் மாதிரி ஒன்று ஊத ஆரம்பித்தது. நடுநடுவே ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. மாரிச்செல்வி ம் என்றாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை, தடுப்பூசி நாள். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள், அதில் மஞ்சளாக ஒரு கட்டம் தானாக வந்து நின்றது: ஒரே மாதிரியான இரண்டு பதிவுகள் உள்ளன, இணைக்கலாம். கீழே யாழினி, யாழிசை. அம்மா கற்பகவல்லி, அப்பா உச்சிமாகாளி, ஒரே தேதி, ஒரே தெரு. ரெட்டைப் பிள்ளைகள். அட, இதுக்குக்கூட அக்கா தங்கச்சி தெரியுதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தெரியாத பொத்தானை அமுக்கக்கூடாது என்று நர்ஸ் பியூலா அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அதனால் ஓரத்தில் இருந்த கேள்விக்குறியை அமுக்கி உதவிப் பக்கத்தைத் திறந்து, திரையில் விரல் வைத்து, வாய்க்குள்ளேயே படித்தாள். ‘ஒரே தாய்க்கு உரிய பதிவுகளை இணைக்கலாம்.’ சரிதானே, ஒரே தாய்தானே. ரெண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக் கோத்துவிடுகிற மாதிரி நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷத்தோடுகூட, அமுக்கினாள். மஞ்சள் கட்டம் போயிற்று. அதோடு அதை மறந்தும் போனாள். பிள்ளைகள் வரவர பேரைக் கேட்டு அடித்துக்கொண்டே இருந்தாள், உச்சிமாகாளி ஒரு தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற வரைக்கும். “யம்மா, ரெண்டுல ஒண்ணுக்குப் போன தடவையே ஊசி போட்டாச்சாம், ஒண்ணுக்குக் காய்ச்சல்னு போடலையாம். எந்த ஒண்ணுன்னு எம் பொண்டாட்டி சொன்னா, எனக்கு அது மறந்துட்டு. அட்டை மழையில நனைஞ்சு கூழாக் கெடக்கு. அவ தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கா, போனை வாசல்லயே வாங்கி வச்சிருவாவ. கம்ப்யூட்டர்ல இருக்கும்லா?” இருக்குமே என்று சொல்லித் தேடினாள். யாழினி இருந்தாள், ஊசி போட்டாச்சு என்று இருந்தது. யாழிசை என்று அடித்தால் அப்படி ஒரு குழந்தை இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தாள், ழகரத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். இல்லை. அவன் தோளில் அப்படி ஒரு குழந்தை எச்சில் ஒழுக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டையும் ஒன்றாக்கியபோது அது எந்தப் பிள்ளையின் ஊசியை எடுத்துக்கொண்டதோ, எந்தப் பிள்ளையின் பேரை வைத்துக்கொண்டதோ, யாருக்குத் தெரியும். போட்ட பிள்ளைக்கே மறுபடி போட்டுவிட்டால்? போடாத பிள்ளையை விட்டுவிட்டால்? கொஞ்சம் இருங்க அண்ணே, கம்ப்யூட்டர் ஓடலை என்று பொய் சொல்லிவிட்டு, கதவு மாதிரி நிற்கிற பிளைவுட் தடுப்பைச் சாத்திக்கொண்டு, திரையின் அடியில் ஒட்டியிருந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள். அவள் கையா அதைச் செய்தது என்று இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

சரி, அதுதான் எடுத்துரலாம் என்று சொல்லிவிட்டாளே. மாரிச்செல்வி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மின்விசிறி நிஜமாகவே ஓடிக்கொண்டிருப்பது இப்போதுதான் தெரிந்தது, தண்ணீர் பாட்டில் ஒன்று மேஜையில் இருப்பது தெரிந்தது, எடுத்துக் குடித்தாள், தண்ணீருக்கு இவ்வளவு ருசியா. எடுத்துரலாம். எடுத்துர, லாம். அந்தக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற லாமில்தான் போய் மாட்டியது மனசு, வேலியில் சேலை மாட்டுகிற மாதிரி. லாம் என்றால் என்ன. எடுக்க முடியும் என்பதா, வா நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம் என்பதா, எடுத்தாலும் எடுக்கலாம் எடுக்காமல் போனாலும் போகலாம் என்பதா. மழை வரலாம் என்கிறார்கள், வருகிறதா. அடுத்த மாசம் ஊட்டி போகலாம் என்று வேல்ராஜ் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் ஓட்டுகிற லோடு ஆட்டோ சாத்தூர் தாண்டியதில்லை. நீங்க உள்ள வரலாம் என்றால் வா என்று அர்த்தம். இங்கே எச்சில் துப்பலாமா என்றால் துப்பாதே என்று அர்த்தம். ஒரே சொல்லுக்கு இத்தனை முகம் இருந்தால் எட்டாங்கிளாஸ் படித்தவள் எந்த முகத்தைப் பார்த்துப் பேசுவாள். இணைக்கலாம் என்று அந்த மஞ்சள் கட்டம் சொன்னபோதும் அதுதானே நடந்தது, அது உனக்கு இஷ்டம் என்று சொல்லியிருக்கிறது, அவள் காதில் செய் என்று விழுந்திருக்கிறது. காப்பாத்திரலாம்மா. இதுவும் ஒரு லாம்தான். மகன் முகிலன் பிறந்தபோது பெரிய டாக்டர் சொன்ன லாம். மாசம் முழுசாகும் முன்னால் வந்துவிட்ட பிள்ளை, கையில் வாங்கினால் கனமே இல்லை, துண்டுதான் கனம், உள்ளே ஒரு சூடு மட்டும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவர் நடந்துகொண்டே சொன்னது அது. நின்று சொல்லியிருந்தால்கூட முகத்தைப் பார்த்து என்ன லாம் என்று கண்டுபிடித்திருப்பாள். நடந்துகொண்டே சொன்னார். அவள் பச்சை உடம்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த லாமை மென்றுகொண்டே கிடந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டிருக்க, லாம். பாரு, இங்கேயும் வந்துவிட்டது, இந்த லாம் வெறும் வருத்தத்துக்கு. டாக்டர் ஐயா, காப்பாத்துவீங்களா மாட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. “கேளேன் புள்ள” என்றான் வேல்ராஜ். “நீங்க கேளுங்க” என்றாள் அவள். ரெண்டு பேரும் கேட்கவில்லை. அந்தப் பயல் இன்றைக்குக் காலையில் இட்லியில் சீனி இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு பால்வாடிக்குப் போயிருக்கிறான். தட்டைத் தள்ளுகிற அளவுக்குக் கையில் பலம். அந்த லாம் நல்ல லாமாகத்தான் முடிந்தது. எல்லா லாமும் அப்படி முடியுமா.

புல்லாங்குழல் ஒரு இடத்தில் வந்ததும் அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளியே ஒரு பிள்ளை ஊசி வாங்கிக்கொண்டு அலறியது, அதைப் பார்த்து வாங்காத பிள்ளைகளும் அலறின, ஸ்பிரிட் வாசனை தடுப்புக்கு அடியால் நுழைந்து வந்தது. உச்சிமாகாளியின் குரல் கேட்டது. யாரோ ஒரு பெண் அவனிடம், “ரெண்டும் ஒரே அச்சால்லா இருக்கு, எப்படிண்ணே அடையாளம் பாப்பீக?” என்று கேட்கிறாள். “அது லேசு. சிரிச்சா யாழினி, மொறைச்சா யாழிசை.” “தூங்கும்போது?” “தூங்கும்போது எதுவா இருந்தா என்னம்மா, தூங்குச்சே அதே பெருசு.” எல்லாரும் சிரித்தார்கள். மாரிச்செல்விக்கும் சிரிப்பு வந்தது, வந்ததும் பயமாக இருந்தது, போனை வைத்துக்கொண்டு சிரித்தால் அந்தப் பக்கம் கேட்குமோ. தடுப்பைத் தள்ளிக்கொண்டு பியூலா அக்கா தலையை நீட்டினாள். கையுறை போட்ட கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள், ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி. “ஏட்டி மாரி, என்ன, கம்ப்யூட்டர் மண்டையப் போட்டுட்டா?” “இல்லக்கா. கேட்டுட்டு இருக்கேன்.” “யார்ட்ட?” “கம்பெனில.” “நீயா? போன்லயா?” பியூலா அக்கா கண்ணை அகலமாக்கி, உதட்டைப் பிதுக்கி, “அப்ப இன்னைக்கு மழைதான்” என்று சொல்லிவிட்டு, “அந்த ரெட்டைப் பிள்ளையக் கடைசியா வச்சிருக்கேன், சொல்லு” என்று தலையை இழுத்துக்கொண்டாள். அக்காவுக்குத் தெரியுமோ. தெரிந்துதான் கடைசியாக வைத்திருக்கிறாளோ. மாரிச்செல்வி எதையாவது மறைத்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தால் சிவப்பு தெரியுமா, பைத்தியக்காரி.

இணை. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், இணைகோடு, ரெண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் போகும், எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றை ஒன்று தொடாது. கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள், வாழ்க்கையில் இணைகிறார்கள் என்று, இணைந்து என்ன ஆயிற்று, வேல்ராஜ் வேல்ராஜாகத்தான் குறட்டை விடுகிறான், அவள் அவளாகத்தான் முழித்துக் கிடக்கிறாள், ரெண்டு பேரும் ஒரே ஆளாகி ஒருத்தர் காணாமல் போகவில்லையே. ஓடுகிற தண்டவாளம் மாதிரி, கோத்த கை மாதிரி, அதுதான் இணை என்று வைத்திருந்தாள். இந்தக் கம்பெனிக்காரர்கள் ஊரில் அது வேறு போலிருக்கிறது, ரெண்டு மாவுருண்டையை அமுக்கி ஒரே உருண்டையாக்குவதற்கும் அதே பேர். தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு இது தெரியும், அப்போது அதற்குச் சொல் வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே தெரியும். ரெண்டு குச்சி நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் மருந்தில் முக்கும்போது ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தலையாக உருண்டுவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ரெண்டு கால் ஒரு தலை. உரசினால் குபீர் என்று கையைச் சுடும். அதைப் பொறுக்கித் தனியாகப் போட்டுவிட வேண்டும். குச்சிக்குக் குச்சி இடம் விட்டு அடுக்கத் தெரிந்த விரல்தான் இன்றைக்கு இதை அமுக்கியது. யாழினிக்கும் யாழிசைக்கும் ஒரே தலை. ஐயோ, அப்படி நினைக்காதே, பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் என்ன, தோளில் இருக்கிறதே பிள்ளை. ஆனால் தோளில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் அப்பா வீட்டில் அவள் பேரை நீக்கிவிட்டார்கள், நீக்கின சான்று கையில் வாங்கியாயிற்று, வேல்ராஜ் வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்குள் எத்தனையோ இழுபறி. அந்த இடைவெளியில் அவள் எந்தக் கார்டிலும் இல்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், வயிற்றில் முகிலன் உதைக்க ஆரம்பித்தான், ஆனால் எழுத்தில் அவள் எங்கேயும் இல்லை. ஒருநாள் கடைக்காரர், “உன் பேரு ரெண்டுலயும் இல்லையேம்மா” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள், இருக்கிறோமா என்று. யாழிசை இப்போது அங்கே இருக்கிறாள், அந்த இடைவெளியில். எச்சில் ஒழுக, முறைத்துக்கொண்டு, எங்கேயும் எழுதப்படாமல். அவளை அங்கே தள்ளியது இந்த விரல்.

அதுகூடப் பரவாயில்லை, இப்போது மொத்தப் பதிவும் என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாளே தாரணி. பதிவு திரும்பும். பதிவு என்றால் ஒன்றா பலதா. நம் பேச்சில் ஒன்றுக்கும் பலதுக்கும் ஒரே சொல்தானே, ஆடு மேயுது என்றால் எத்தனை ஆடு, மாம்பழம் வாங்கிட்டு வா என்றால் ஒரே ஒரு மாம்பழமா. மொத்தமும் முந்தைய நிலைக்குத் திரும்பினால், முந்தைய நிலை என்பது காலை, ஒரு பிள்ளையும் வராத காலை. அதற்கப்புறம் அவள் அடித்ததெல்லாம் போய்விடும். ஊசியைப் பார்த்தும் சிரித்த சர்வேஷ் போய்விடுவான். பாத்திமா ரிஃபா போய்விடுவாள், அவள் அம்மா இனிஷியலை மூன்று தடவை திருத்திச் சொன்னாள். ஊசி வாங்கி, அழுது, தேன்மிட்டாய் வாங்கி, வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள், இங்கே வராதவர்களாக ஆகிவிடுவார்கள். ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு அத்தனை பேரையும் அனுப்புவதா. ஒருத்தியை விட்டுவிட்டு அத்தனை பேரையும் வைத்துக்கொள்வதா. அப்படிக் கேட்டால் என்ன சொல்வது. மேடம், எது வேணும் உங்களுக்கு என்று கேட்டால். பியூலா அக்காவைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டால் எல்லாம் தெரிந்துபோகும், எட்டாங்கிளாஸ் படிச்ச புள்ளைக்கு எதுக்கு கம்ப்யூட்டர்னு நான் அப்பவே கேட்டேன்லா என்று ஆஸ்பத்திரிக் கணக்குப்பிள்ளை சொல்வார், அவர் சொல்வார், அவர் ரொம்ப நாளாகச் சொல்வதற்கு ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு மறுபடி தீப்பெட்டி ஆபீஸ். கற்பகவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குவது. உன் மகளைக் காணாமல் ஆக்கினவள் நான்தான் என்று குச்சி அடுக்கிக்கொண்டே சொல்வது. புல்லாங்குழலே, கொஞ்சம் நிறுத்தேன். இல்லை இல்லை, நிறுத்தாதே, நீ நிறுத்தினால் அவள் வந்துவிடுவாள்.

நின்றது. “மேடம், இருக்கீங்களா?” இருக்கேன் என்று சொல்ல நினைத்தாள், ம் என்றுதான் வந்தது. “நல்ல சேதிதானுங்க. அந்த ஒரு பதிவு மட்டுந்தான் திரும்புமாம். மத்தது எதையும் தொடாதாம். எழுதின சார் தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டாருங்க. ஒரே கொழந்தைய மறந்துபோயி ரெண்டு தடவை பதிஞ்சிருந்தா ஒண்ணாக்கறதுக்குன்னு நெனச்சு எழுதினாராம், ரெட்டைக் கொழந்தை அவரு புத்தியிலேயே வரலையாம். நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க, போன வாரம் ஒரு லைப்ரரியில முதல் பாகத்தையும் ரெண்டாம் பாகத்தையும் இணைச்சுப்போட்டு, ரெண்டாம் பாகத்தைக் காணோம்னு ஊரையே தேடியிருக்காங்க.” மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை, ரெண்டும் ஒரே வழியாக வந்தது. இவள் மட்டும் இல்லை. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு ஆள் ரெண்டாம் பாகத்தைத் தேடிக்கொண்டு அலமாரிக்கு அடியில் குனிந்திருக்கிறான். அந்த முகம் தெரியாத ஆள் மேல் அவளுக்குப் பாசம் பொங்கியது. “யாழினி பேரைத் தொடுங்க. தொட்டீங்களா. கீழ ‘பழைய நிலை’ன்னு இருக்குதுங்களா. அதை அமுக்குங்க.” விரல் போகவில்லை. காலையில் அமுக்கின அதே விரல், அதே ஆள்காட்டி விரல், அதை நம்பி எப்படி. நடுவிரலால் அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றட்டும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு முகிலனின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுத்தால் நின்றுவிடும். நின்றது. யாழினி. அதற்குக் கீழே, ஒன்றுமே நடக்காத மாதிரி, கொஞ்சம் இடம் விட்டு, யாழிசை. யாழிசைக்கு நேரே, ‘காச்சல், ஊசி போடலை, அடுத்த தடவை.’ காச்சல். நடுவில் புள்ளி வைத்துப் போட வேண்டிய ய் இல்லை. அவளே அடித்தது, அன்றைக்கு அவசரத்தில், பேசுகிற மாதிரியே அடித்துவிட்டுப் போனது. வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. தன் தப்பு தன்னைத் தேடிக்கொண்டு அப்படியே திரும்பி வந்திருப்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சர்வேஷ் இருந்தான். பாத்திமா ரிஃபா இருந்தாள், இனிஷியலோடு. “வந்துருச்சுங்களா மேடம்?” “வந்துட்டா” என்றாள் மாரிச்செல்வி. அவள் பதிவைக் கேட்கிறாள், இவள் பிள்ளையைச் சொல்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தோடு போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தால், தாரணி விடவில்லை. “மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா. அந்த வரியைப் படிச்சப்ப நீங்க என்னன்னு நெனச்சீங்க?” இதற்குத்தான் பயந்தாள். வகுப்பில் எழுப்பிவிட்டுக் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்துப் பிள்ளை கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தாலும் வராது. இப்போது கிள்ளுவதற்கு யாரும் இல்லை. ஆனால் திரையில் யாழிசை இருந்தாள். “கைய… கையக் கோத்துவிடுததுன்னு நெனச்சேன்” என்றாள். சிரிக்கிறாளோ. இல்லை, எழுதுகிற சத்தம் கேட்டது, சரக் சரக் என்று, அவள் சொன்னதை யாரோ எழுதிக்கொள்கிற சத்தம். “சரிங்க. இப்ப சார் மாத்தி எழுதியிருக்காரு, படிக்கட்டுங்களா. ‘இணைத்தால் இரண்டு பதிவுகளும் ஒன்றாகிவிடும், இரண்டாவது பெயர் மறைந்துவிடும். ஒரே குழந்தையைத் தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தால் மட்டும் இணைக்கலாம். இரட்டைக் குழந்தைகளை இணைக்கக் கூடாது.’ இப்பப் புரியுதுங்களா?” நன்றாகப் புரிந்தது. மறைந்துவிடும் என்று காலையில் ஒரு சொல் இருந்திருந்தால் அவள் தொட்டிருக்கவே மாட்டாள். புரியுது என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டியதுதான், வேறென்ன, வெளியே பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் நடுவில் ஒன்று இடறியது, பல்லிடுக்கில் மாட்டின தேங்காய்த் துருவல் மாதிரி. “அந்த லாம்” என்றாள். “எந்த லாமுங்க?” “இணைக்கலாம்னு இன்னும் ஒரு லாம் இருக்குல்லா. அதை… வேண்டாம். செய்யணும்னா செய்யணும்னே போடுங்க.” யார் பேசியது இப்போது. தாரணி யாரிடமோ திரும்பி, “சார், லாம் வேண்டாங்கிறாங்க” என்று சொல்வதும், தூரத்தில் ஒரு ஆண்குரல், “எந்த லாம்?” என்று கேட்பதும், பிறகு, “அட, ஆமாம்ல” என்பதும் கேட்டது. “எடுத்தாச்சுங்க. ரொம்ப நன்றிங்க மேடம், இதை இன்னிக்கே மாத்திப் போட்டரலாங்க.” மாரிச்செல்வி போனை வைக்கப் போனவள், மறுபடி காதில் வைத்தாள். “போட்டரலாமா, போட்டுருவீங்களா?” தாரணி வாய்விட்டுச் சிரித்தாள், கோயம்புத்தூர் முழுக்கச் சிரிக்கிற மாதிரி. “போட்டர்றேனுங்க. சத்தியமாப் போட்டர்றேன்.”

தடுப்பைத் தள்ளினாள். வெளிச்சமும் அழுகையும் ஸ்பிரிட்டும் ஒன்றாக முகத்தில் வந்து மோதின. எப்போதும் பியூலா அக்காவின் காதில் போய்ப் பேரைச் சொல்லுவாள், அக்காதான் சத்தம் போட்டுக் கூப்பிடுவாள். இன்றைக்கு வாசல்படியிலேயே நின்று, “யாழிசை!” என்று கூப்பிட்டாள். அவ்வளவு சத்தமாக அவள் யாரையும் கூப்பிட்டதில்லை, முகிலனைக்கூட. அழுதுகொண்டிருந்த ரெண்டு பிள்ளைகள் நிறுத்திவிட்டுப் பார்த்தன. “தொண்டை இருக்குல்லா இவளுக்கு” என்றாள் பியூலா அக்கா, ஊசியில் காற்றைத் தள்ளிக்கொண்டே. “யக்கா, நான் காலையில ஒரு தப்புப் பண்ணிட்டேன், சரியாயிட்டு, பொறவு சொல்லுதேன்.” “அதான் மூக்கு சொல்லுதே. பிள்ளையக் கொண்டா மொதல்ல.” உச்சிமாகாளி இடது தோளைப் பார்த்தான், வலது தோளைப் பார்த்தான். இடது தோளில் இருந்தது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. வலது தோளில் இருந்தது புருவத்தைச் சுருக்கி, இதுவரை எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி, மாரிச்செல்வியை முறைத்தது. “இந்தா, இவதான்” என்று நீட்டினான். இரண்டு கையாலும் வாங்கினாள். நல்ல கனம்.